பரந்தனும் அறிவியல் நகரும்: வன்னி வெயிலில் ஐதரசன்

வன்னி மண்ணுக்கு ஐதரசன் புதிதல்ல. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அது இங்கே நாளாந்தம் பிறந்தது. ஆனையிறவு உப்பைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். ஒரு பக்கம் குளோரீன் வந்தது. மறுபக்கம் கோஸ்டிக் சோடாவும், அதனோடு ஐதரசனும் வந்தன. குளோரீன் குடிநீரைச் சுத்தப்படுத்தப் போனது, சோடா சவர்க்காரம் போன்ற தொழில்களுக்குப் போனது. ஒரு தொன் குளோரீன் எடுத்தால் கூடவே ஏறத்தாழ 28 கிலோ ஐதரசன் வந்தே தீரும். எந்த நாட்டு ஆலையிலும் மாறாத இரசாயனக் கணக்கு அது.

சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் அரசில் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் பெயரோடுதான் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையையும் வாழைச்சேனைக் கடதாசி ஆலையையும் பரந்தன் இரசாயன ஆலையையும் நம் பெரியவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். 1950களில் எழுந்த பரந்தன் ஆலை 1980களின் நடுப்பகுதியில் போர்ச் சூழலால் நின்றுபோனது. பரந்தன் என்ற பெயரைத் தாங்கிய அரச நிறுவனம் மட்டும் கொழும்பில் தொடர்ந்து இயங்கி, குளோரீனை வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்றுவந்தது. உப்பும் வெயிலும் இருந்த ஊர், தான் செய்துவந்த பொருளைக் கப்பலில் எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தது. இந்த இழப்பை நாம் போதிய அளவு பேசவில்லை. இறந்தவர்களையும் காணாமலாக்கப்பட்டவர்களையும் பற்றிப் பேசவே நமக்கு மூச்சுப் போதாமல் இருந்தது. ஆலைகளைப் பற்றி யார் பேசுவது?

இப்போது பரந்தனைக் கடக்கும் அதே ஏ9 வீதியில், கிளிநொச்சி நகரைத் தாண்டித் தெற்கே போனால் அறிவியல் நகர் வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், பொறியியற் பீடம், தொழில்நுட்ப பீடம் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. வடக்குக்கு ஒரு பொறியியற் பீடம் வேண்டும் என்ற நீண்டநாள் கோரிக்கை 2014இல் தான் நிறைவேறியது. பேராசிரியர் அ. அற்புதராஜா முதல் பீடாதிபதியாக இருந்து அதைக் கட்டியெழுப்பினார். அந்த வளாகத்தில், நோர்வேயின் துணையோடு, சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுக்கும் ஆய்வு நடக்கிறது. உப்புநீரில் மின்பகுப்பு நடந்த ஊரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் நன்னீரில் மின்பகுப்பு நடக்கிறது. இடையில் கழிந்தது ஏறத்தாழ நாற்பது வருடம்.

நோர்வேத் தொடர்புக்குப் பின்னால் நம்மவர்களின் பல வருட உழைப்பு இருக்கிறது. பேர்கன் நகரிலுள்ள மேற்கு நோர்வே பிரயோக அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளையும், யாழ்ப்பாணத்தில் பௌதிகவியற்றுறையின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி இரவிராஜனும் சேர்ந்து தூய சக்தித் தொழில்நுட்பத்துக்கான ஆய்வுக் கூட்டுறவை வளர்த்தார்கள். கோயம்புத்தூர் தொழில்நுட்ப நிறுவனமும் அந்தக் கூட்டில் இருக்கிறது. சூரியக் கலங்களுக்கான நனோப் பொருட்களில் தொடங்கிய வேலை அது. மாணவர்கள் அங்கும் இங்கும் போய்வந்தார்கள், பட்டப்பின் படிப்புகள் நடந்தன, கருவிகள் வந்தன. 2020 தொடக்கத்தில் கிளிநொச்சி வளாகத்து நீர்நிலை ஒன்றிலே மிதக்கும் சூரியமின் தொகுதியும் நோர்வேயின் உதவியோடுதான் வந்தது. ஐதரசன் இந்தப் பாதையின் அடுத்த படி.

தண்ணீர் பிரியும் விதம்

பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் எல்லோரும் படித்ததுதான். தண்ணீருக்குள் இரண்டு மின்வாய்களை வைத்து நேரோட்டம் கொடுத்தால் ஒன்றில் ஐதரசனும் மற்றதில் ஒட்சிசனும் எழும். லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் 1800ஆம் ஆண்டிலேயே இதைச் செய்துகாட்டினார்கள். ஆலைக்குரிய அளவில் செய்யும்போதுதான் சிக்கல்கள் முளைக்கின்றன.

ஒரு கிலோ ஐதரசனுக்குள் அடங்கியிருக்கும் வெப்ப சக்தி, கணக்கிடும் முறையைப் பொறுத்து, 33 முதல் 39 கிலோவாற்று மணி. அதை எடுப்பதற்கு இன்றைய கருவிகளுக்கு 50 முதல் 55 கிலோவாற்று மணி மின்சாரம் வேண்டும். மிச்சம் வெப்பமாகப் போய்விடுகிறது. தண்ணீர் பிரிவதற்குக் கோட்பாட்டின்படி 1.23 வோல்ற்று போதும். நடைமுறையில் ஒவ்வொரு கலத்துக்கும் 1.8 இலிருந்து 2 வோல்ற்று வரை கொடுக்கவேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் உலகெங்கும் ஆய்வுகூடங்களின் போராட்டம்.

பழைய முறையில் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலும் நிக்கல் மின்வாய்களும் போதும். விலை குறைவு, உழைப்புக் கூட. ஆனால் முகில் மறைத்து மின்சாரம் ஏறி இறங்கும்போது அது உடனே ஈடுகொடுப்பதில்லை. அடுத்த முறையில் ஒரு மென்சவ்வு இருக்கிறது. சூரிய மின்சாரம் துள்ளினாலும் அது தாங்கும். ஆனால் அதற்கு இரிடியம் வேண்டும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏழெட்டுத் தொன் அளவில்தான் இரிடியம் கிடைக்கிறது. ஆகவே நிக்கல், இரும்பு, மொலிப்டினம் போன்ற மலிவான உலோகங்களால் ஊக்கிகள் செய்யமுடியுமா என்று தேடுகிறார்கள். பெரிய முதலீடு இல்லாத, நல்ல மூளைகள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏற்ற வேலை இது. ஊக்கிப் பொருளைத் தயாரிக்கவும் சோதிக்கவும் ஒரு தொழிற்சாலை தேவையில்லை. நல்ல ஆய்வுகூடமும், தடையில்லாத மின்சாரமும், பொறுமையான மாணவர்களும் போதும்.

வன்னியின் வெயில் தாராளமானது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதே வெயில் சூரியத் தகட்டைச் சுடவைத்து அதன் மின்னழுத்தத்தைக் குறைக்கும். ஒவ்வொரு பாகை வெப்பம் ஏறும்போதும் உற்பத்தி அரை வீதத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்குகிறது. ஏ9 வீதிப் புழுதி தகட்டில் படிகிறது. கார்த்திகை, மார்கழி மழையில் நாட்கணக்காக முகில் மூடிவிடுகிறது. ஒரு மெகாவாற்றுத் தொகுதி நம் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் அலகு தரலாம். அவ்வளவையும் மின்பகுப்புக்குக் கொடுத்தால் 27 அல்லது 28 தொன் ஐதரசன் வரும்.

இந்தியாவின் அனுபவம் ஒரு அளவுகோலைத் தருகிறது. அசாமின் ஜோர்ஹாட்டில் ஒயில் இந்தியா நிறுவனம் 2022 ஏப்ரலில் தொடக்கிய ஆலையில் 500 கிலோவாற்று சூரியத் தொகுதியும் 100 கிலோவாற்று மின்பகுப்புக் கருவியும் இருந்தன. தொடக்க உற்பத்தி நாளொன்றுக்கு 10 கிலோ. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்ரெம்பரில் தொடக்கிவைத்த முன்னோடி நிலையம் மணிக்கு 10 கன மீற்றர் எடுக்கிறது. எடையில் அது ஒரு கிலோவுக்கும் குறைவு. துறைமுகக் குடியிருப்பின் வீதி விளக்குகளுக்கும் மின்வாகனங்களுக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபா ஒதுக்கித் தேசியத் திட்டம் அறிவித்த நாட்டிலேயே முதற்படிகள் இந்த அளவில்தான் இருக்கின்றன. கிளிநொச்சியின் சிறிய ஆய்வுகூடத்தை யாரும் சிறிதென்று ஒதுக்கவேண்டியதில்லை.

இரணைமடு பயப்பட வேண்டுமா?

வன்னியில் எந்தத் திட்டத்தைப் பேசினாலும் முதற்கேள்வி தண்ணீர்தான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த இழுபறிக்குப் பிறகுதான் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடிய நிலையம் அது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று குளத்து மட்டத்தைப் பார்த்துக் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கும் ஊரில், தண்ணீரைப் பிரித்து வாயு எடுக்கப்போகிறோம் என்றால் மனம் பதறத்தான் செய்யும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ ஐதரசனுக்கு இரசாயனப்படி 9 லீற்றர் தண்ணீர். சுத்திகரிப்பில் கழிந்துபோவதையும் சேர்த்தால் 15, 20 லீற்றர். மேலே சொன்ன ஒரு மெகாவாற்றுத் தொகுதி முழு வருடமும் ஓடினால் 28 தொன் ஐதரசனுக்கு நாலு முதல் ஆறு இலட்சம் லீற்றர். ஒரே ஒரு ஏக்கர் நெல்வயலுக்கு ஒரு போகத்தில் பாயும் தண்ணீர் அதைவிடப் பல மடங்கு. அளவைப் பொறுத்தவரை இரணைமடு பயப்பட வேண்டியதில்லை.

தரம்தான் பிரச்சினை. மின்பகுப்புக்குப் போகும் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இரும்பும் இருக்கவே கூடாது. வன்னியின் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டதென்று கேத்தில் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வவுனியாவில் சிறுநீரக நோயின் அச்சத்தால் கிராமங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து கழியும் செறிவு நீரை எங்கே விடுவது என்ற கேள்வி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஐதரசன் நிலையத்துக்கும் அதே கேள்வி வரும். குடிநீருக்கும் மின்பகுப்புக்கும் ஒரே சுத்திகரிப்பு நிலையம் சேவை செய்யும்படி அமைத்தால் ஊருக்கு நன்மை. ஊர்க் கிணற்றின் நல்ல தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு கழிவை வாய்க்காலில் விட்டால் அந்த நிலையம் ஊரின் பகைதான்.

எதற்கு இந்த ஐதரசன்?

இந்த இடத்தில்தான் நம் அரசியல்வாதிகளும் திட்ட வரைவாளர்களும் வழி மாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். நோர்வேயின் கிறீன்ஸ்ராற் குழுமத்தின் இந்தியக் கிளையுடன் சேர்ந்து இலங்கைப் பெற்றோலிய அபிவிருத்தி அதிகார சபை தேசிய ஐதரசன் வழிவரைபடம் தயாரித்தது. இது போன்ற வரைபடங்கள் எல்லாவற்றிலும் ஏற்றுமதிக் கனவு பெரிதாக இருக்கிறது. கப்பல் எரிபொருள், அயல்நாட்டுச் சந்தை, டொலர். ஆனால் ஐதரசனைக் கப்பலில் ஏற்றுவது சுலபமான காரியம் அல்ல. சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஐதரசன் 11 கன மீற்றர் இடத்தை அடைத்துக்கொள்ளும். திரவமாக்க மறை 253 பாகைக்குக் குளிரூட்டவேண்டும். வாகனத்தில் வைக்க 350 அல்லது 700 பார் அழுத்தம் வேண்டும்.

இரவில் விளக்கெரிக்க ஐதரசன் வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். பகல் மின்சாரத்தை ஐதரசனாக்கி, இரவில் எரிகலத்தில் மீண்டும் மின்சாரமாக்கினால் போட்டதில் மூன்றில் ஒன்று அல்லது சற்றுக் கூடத்தான் திரும்பிவரும். நல்ல பற்றரி நூற்றுக்கு 85க்கு மேல் திருப்பித் தரும். தண்ணீர் இறைக்கச் சூரியப் பம்பு நேரடியாகவே போதும். மின்சாரத்தால் நேரடியாகச் செய்யமுடியாத வேலைக்குத்தான் ஐதரசனை வைத்திருக்கவேண்டும்.

வன்னிக்கு அப்படிப்பட்ட வேலை ஒன்று இருக்கிறது. பசளை.

யூரியாவின் அருமை வன்னிக் கமக்காரனுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? 1990களின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் பெற்றோல், பற்றரி, சீமெந்தோடு யூரியாவும் இருந்தது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளை மிதித்து டைனமோவில் வானொலி கேட்டார்கள். கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். விளக்குக்கும் வண்டிக்கும் மாற்று வழி கண்ட சனத்துக்கு யூரியாவுக்கு மாற்று வழி இருக்கவில்லை. மாட்டெருவும் குழைதழையும் போட்டுக் கிடைத்ததை அறுத்தார்கள். போர் முடிந்து பன்னிரண்டு வருடங்களில், 2021 மே மாதம், இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரே வர்த்தமானியில் நிறுத்தியது. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலபோகத்துக்குக் காலம் கடந்துவிட்டது. 2022இல் யூரியா மூட்டை 30,000 ரூபாவையும் தாண்டி விற்றது. இரண்டு முறையும் தீர்மானம் எடுத்தது வேறிடத்தில், பட்டினி கிடந்தது வயல்.

யூரியாவின் மூலப்பொருள் அமோனியா, அமோனியாவின் மூலப்பொருள் ஐதரசன். உலகில் 2023இல் பயன்பட்ட ஏறத்தாழ 97 மில்லியன் தொன் ஐதரசனில் மிகப் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வந்தது. இயற்கை வாயுவிலிருந்து ஒரு கிலோ எடுக்கும்போது 9, 10 கிலோ காபனீரொட்சைட்டு வானத்துக்குப் போகிறது. அந்த ஐதரசனின் பெரும்பங்கு எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் அமோனியாவுக்கும் செல்கிறது. நாம் வயலில் எறியும் வெள்ளைக் குருணையின் பின்னால் வளைகுடா நாட்டு வாயுக் கிணறு இருக்கிறது. அங்கே போர் மூண்டாலும் விலை ஏறும், இங்கே டொலர் இல்லாவிட்டாலும் கப்பல் வராது.

தண்ணீரிலிருந்து பசளை என்பது கற்பனையும் அல்ல. நோர்வேயின் றியூக்கானில் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் 1920களின் முடிவிலிருந்து நீர்வீழ்ச்சி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துப் பசளை செய்தது. பக்ரா அணை மின்சாரத்தை வைத்து இந்தியாவின் நங்கலில் 1960களில் அதே முறையில் பசளை ஆலை ஓடியது. மலிவான இயற்கை வாயுவும் நப்தாவும் வந்ததும், மின்சாரத்துக்கு வேறு தேவைகள் கூடியதும் இந்த முறை ஓரங்கட்டப்பட்டது. இப்போது சிறிய அளவில் திரும்பிவருகிறது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் மொறிஸ் ஆய்வு நிலையத்தில் 2013இலிருந்து காற்றாலை மின்சாரத்தால் அமோனியா எடுக்கிறார்கள். கென்யாவில் நைவாஷாவுக்கு அருகே ஒரு பண்ணையில் நாளொன்றுக்கு ஒரு தொன் அமோனியா எடுக்கக்கூடிய சூரியமின் ஆலை நிறுவப்பட்டிருக்கிறது.

நம் வயலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உலர்வலயத்தில் நீர்ப்பாசன நெல்லுக்கு விவசாயத் திணைக்களம் பரிந்துரைத்த அளவு ஏக்கருக்கு ஏறத்தாழ 90 கிலோ யூரியா. அதிலுள்ள நைதரசன் 41 கிலோ. அவ்வளவு நைதரசன் 50 கிலோ அமோனியாவில் இருக்கிறது. அதற்கு வேண்டிய ஐதரசன் 9 கிலோ. காற்றிலிருந்து நைதரசனைப் பிரிப்பதும் அமுக்குவதும் சேர்த்து மொத்தம் 500 அலகு மின்சாரம். ஒரு ஏக்கரின் ஒரு போகத்துக்கு 500 அலகு. நாலைந்து ஏக்கரில் பரப்பும் ஒரு மெகாவாற்றுச் சூரியத் தொகுதி ஆண்டுக்கு 3,000 ஏக்கரின் ஒரு போக நைதரசனைத் தரும். இரணைமடுவின் கீழுள்ள 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு ஏழெட்டு மெகாவாற்றுப் போதும். கிளிநொச்சியில் பேசப்படும் சூரியத் திட்டங்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்.

இதிலுள்ள தடைகளையும் சொல்லத்தான் வேண்டும். அமோனியாவை யூரியாவாக்கக் காபனீரொட்சைட்டும் இன்னொரு ஆலையும் வேண்டும். உமி எரிக்கும் அரிசி ஆலைகளின் புகையிலிருந்து அந்த வாயுவை எடுக்கலாம் என்றாலும் செலவு கூடும். அமோனியம் நைத்திரேற்றாக்குவது எளிது, ஆனால் அது வெடிக்கும் பொருள். 2020 ஓகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தை அழித்தது அதுதான். வடக்கில் அதற்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். அமோனியாக் கரைசலை வாய்க்கால் நீரோடு விடலாமா, எவ்வளவு ஆவியாகிப் போகும் என்பதையெல்லாம் நம் மண்ணில் சோதித்துத்தான் அறியமுடியும். சிறிய அமோனியா ஆலைகள் தொன்னுக்குத் தொன் பெரிய ஆலைகளைவிட விலை கூடியவை.

மின்சாரம் மிஞ்சும் நேரம்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறில் நாடே இருளில் மூழ்கியது. ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைவு, சூரிய மின்சாரம் நிறைய. அப்படிப்பட்ட நேரத்தில் மின்வலையமைப்பு தள்ளாடுகிறது என்பது அன்று வெளிச்சமானது. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடு வைத்தவர்களைப் பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்திவைக்கும்படி கேட்டார்கள். டீசலுக்கு டொலர் தேடும் நாட்டில் உச்சி வெயிலை நிறுத்திவைக்க நேர்ந்தது.

மிஞ்சும் மின்சாரத்தை ஐதரசனாக்கலாமே என்று உடனே தோன்றும். எண்ணம் சரி. ஆனால் விடுமுறை நாட்களின் மத்தியானத்தில் மட்டும் ஓடும் மின்பகுப்புக் கருவி போட்ட முதலை மீட்காது. வன்னிக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அடிக்கும் சோளகக் காற்று இரவிலும் ஓய்வதில்லை. கிளிநொச்சி மாவட்டத்தின் பளையில் பத்துப் பத்து மெகாவாற்றாக இரண்டு காற்றாலைத் தொகுதிகள் பல வருடமாக ஓடுகின்றன. மன்னாரின் தம்பபவனி காற்றாலைத் தொகுதி 103.5 மெகாவாற்று. சூரியனையும் சோளகத்தையும் சேர்த்துக் கட்டினால் கருவி ஓடும் மணித்தியாலங்கள் இரண்டு மடங்கு, சிலவேளை அதற்கும் மேல். பசளை காலபோகத்துக்குத்தான் அதிகம் தேவை. சோளகக் காலத்தில் செய்து சேமித்து ஐப்பசியில் வயலுக்குக் கொடுக்கலாம். இயற்கையின் நாட்காட்டியும் கமக்காரனின் நாட்காட்டியும் இங்கே ஒத்துப்போகின்றன.

மலிவான இன்னொரு வழியும் உண்டு. பரந்தனில் இரசாயனக் கைத்தொழில் வலயம் அமைக்கப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. அங்கே மறுபடியும் உப்பிலிருந்து குளோரீன் எடுப்பதானால், நாளொன்றுக்கு 10 தொன் குளோரீனுக்கு 280 கிலோ ஐதரசன் எந்த மேலதிக மின்சாரமும் இல்லாமல் கூடவே வரும். மேற்சொன்ன கணக்கில் அது ஒவ்வொரு நாளும் 31 ஏக்கரின் நைதரசன், வருடத்துக்கு 11,000 ஏக்கர். ஆலையின் வரைபடத்தைக் கீறும்போதே அந்த ஐதரசனுக்கு ஒரு குழாயும் ஒரு கொள்கலனும் கீறவேண்டும். வானத்தில் விட்டுவிட்டுப் பிறகு யோசிப்பது வீண் செலவு.

யாருடைய காணியில்?

பூநகரிக் குளப் பகுதியில் 700 மெகாவாற்று சூரியமின் நிலையமும் பற்றரிச் சேமிப்பும் அமைக்க 2023இல் அமைச்சரவை அனுமதித்தது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலை கட்ட வந்த அதானி நிறுவனம் விலை இழுபறிக்குப் பிறகு 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே வருடம் ஓகஸ்டில் மன்னார்ச் சனம் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக வீதியில் இறங்கியது. இவர்களை வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தங்கள் காணியை மீட்க 2017இல் கேப்பாப்புலவில் படை முகாம் வாசலில் மாதக்கணக்காக அமர்ந்திருந்த தாய்மார்களின் ஊர் இது. இன்றைக்கும் முல்லைத்தீவில் வனத் திணைக்கள எல்லைக் கல்லைப் பார்த்துத்தான் பலர் தங்கள் வயலுக்குப் போகிறார்கள். இங்கே காணியைக் கேட்கும் எந்தத் திட்டமும் முதலில் சனத்தோடு பேசவேண்டும்.

ஏழெட்டு மெகாவாற்றுப் பசளைத் திட்டத்துக்கு 40 ஏக்கரும் வேண்டாம். அரிசி ஆலைகள், களஞ்சியங்கள், பாடசாலைகள், கமநல சேவை நிலையங்களின் கூரைகளிலேயே அதில் ஒரு பங்கைப் போடலாம். உரிமை எவரிடம் இருக்கும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கமக்காரர் அமைப்புகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பங்கு கொடுத்துத் தொடங்கினால் சனம் அதைக் காப்பாற்றும். வெளியிலிருந்து வந்த ஒருவரின் வேலிக்குள் அது ஓடினால், இருபது வருடத்துக்கு நாங்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கவேண்டியதுதான்.

வேலையும் அப்படித்தான். சூரியத் தகடு பூட்டும் வேலை மூன்று மாதத்தில் முடிந்துவிடும். மின்பகுப்பு நிலையத்தை ஓட்டுவதற்கு நிரந்தர ஆட்கள் வேண்டும். அழுத்தக் கொள்கலன் தெரிந்த வெல்டர், வால்வும் உணரியும் தெரிந்த தொழில்நுட்பவியலாளர், தண்ணீரைச் சோதிக்கும் இரசாயனவியலாளர். காற்றில் நூற்றுக்கு 4 இலிருந்து 75 பங்கு வரை எந்த அளவில் கலந்தாலும் ஐதரசன் தீப்பிடிக்கும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. சில உருக்கு வகைகளுக்குள் புகுந்து அவற்றை நொறுங்கவைக்கும். திறந்த காற்றோட்டமுள்ள இடத்தில், கசிவு உணரிகளோடு, பயிற்சி பெற்றவர்கள் கையாண்டால் அது கட்டுக்குள் நிற்கும். அந்தப் பயிற்சியை வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் வன்னியின் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இப்போதே தொடங்கலாம். ஆலை வரும்வரை காத்திருந்தால் ஆட்களும் வெளியிலிருந்தே வருவார்கள்.

மறுமுனையில் எழும் ஒட்சிசனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு கிலோ ஐதரசனோடு 8 கிலோ ஒட்சிசன் வருகிறது. 2021இல் கொரோனாவின்போது இலங்கை இந்தியாவிலிருந்து கப்பலில் ஒட்சிசன் எடுத்தது. உரிய முறையில் சுத்திகரித்து, மருத்துவத் தரத்தை உறுதிசெய்தால், முல்லைத்தீவின் மாஞ்சோலை வைத்தியசாலை போன்ற தூரத்து வைத்தியசாலைகளுக்கு அது பயன்படும்.

அடுத்த படிக்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை. பொறியியற் பீடமும் விவசாய பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு பீடத்தில் ஐதரசன், மறு பீடத்தில் நெல். ஒரு ஏக்கருக்கு 9 கிலோ ஐதரசன், 50 கிலோ அமோனியா. பக்கத்தில் அதே அளவு வயலுக்கு வழக்கமான யூரியா. அமோனியாவை முதலில் வெளியிலிருந்து வாங்கித்தான் சோதிக்கவேண்டுமென்றாலும் பரவாயில்லை, மண்ணும் பயிரும் எப்படி எதிர்வினை காட்டும் என்பது தெரிந்துவிடும். காலபோகம் ஒன்று, சிறுபோகம் ஒன்று. எத்தனை அலகு மின்சாரம், எத்தனை லீற்றர் தண்ணீர், எத்தனை மூட்டை நெல் என்பதை எழுதி, இரணைமடுக் கமக்காரர் கூட்டத்தில் தமிழில் வாசிக்கட்டும். அந்தக் கூட்டத்தில் வரும் கேள்விகள், கொழும்பிலோ பேர்கனிலோ யாரும் கேட்காத கேள்விகளாக இருக்கும். மூன்றாம் போகத்துச் சோதனையை அவற்றிலிருந்து வகுக்கலாம்.